அறுபத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரி

ஒரு பையனின் கடைசிப் பதினெட்டு நாட்களுக்கு விலை நூற்றிருபது ரூபாய். கடைக்காரர் கழிவு போக எண்பத்துநாலு. விலை வைத்தவர் பதிப்பாளர். எழுதியவள் பையனைப் பெற்ற தையற்காரம்மா. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவள் குறித்து வைத்ததைப் பதிப்பாளர் புத்தகமாக்கிக் 'கொடுத்தார்'. நாலு பேரிடம் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

இரண்டாம் முறை புரூஃப் பார்த்தால் கூலி தண்டம் என்று விட்டதில், அறுபத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரி விழுந்துபோனது. "அம்மா, நீலச் சட்டைக்குப் பொத்தான் வச்சிட்டியா?" பையன் கடைசியாகக் கேட்டது அதுதான். ஐந்நூறு பிரதியும் பைண்டிங் முடிந்து வந்த பிறகுதான் தெரிந்தது. தாளை மாற்றும் செலவை மனசுக்குள் போட்டுப் பார்த்த பதிப்பாளர், முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டார். "நானே எழுதிடறேன் தம்பி," என்றாள் தையற்காரம்மா. மூன்று நாள் கிடங்கில் உட்கார்ந்து ஐந்நூறு பிரதியிலும் அந்த வரியைப் பேனாவால் எழுதினாள். பேனாவும் அவளுடையதே.

நாலு மாதத்தில் புத்தகம் தீர்ந்தது. அப்புறம் முந்நூறு அடித்தார். அதுவும் போக, நானூறு. உள்ளே 'முதல் பதிப்பு' அப்படியே இருந்தது. எழுதியவள் காதுக்கு எட்டாமல், அவளுக்குப் பங்கு கொடுக்காமல் அடிக்க அதுதான் வழி. பக்கம் வடிவமைப்பவர் மட்டும் யாரையும் கேட்காமல், விழுந்த வரியைச் சேர்த்துவிட்டிருந்தார். பதிப்பாளர் கவனிக்கவில்லை. இந்த முறையும் புரூஃப் பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் தையற்காரம்மா வந்து, ஒரு பிரதியைப் பதிப்பாளரின் மேசைமேல் விரித்தாள்.

"தம்பி, இதுல என் கையெழுத்து இல்ல. அச்சுலயே இருக்கு. ரவிக்கை தைக்கக் குடுத்த பொண்ணு வச்சிருந்துச்சு. என்கிட்ட இருந்ததைக் குடுத்து மாத்திக்கிட்டேன்."

பேச்சில் காகித வியாபாரியையே மூச்சுத் திணற வைக்கும் பதிப்பாளர், அறுபத்தொன்றாம் பக்கத்தை இப்போதுதான் குனிந்து படித்தார்.

"என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குன்னுதானே கைக்காசு போட்டு அடிச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லலியே! எத்தனை?"

ஓட்டையை அவளே காட்டினாள். அவர் புகுந்துகொண்டார்.

"ஒரு... பத்து காப்பி, அக்கா. கூடுதலா."

"அப்போ ஐநூத்திப் பத்தா!" அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க மாட்டாமல் பசை டப்பாவைப் பார்த்தார். "தூக்கம் வரலன்னா எண்ணுவேன் தம்பி. ஐநூறு வீட்டுல என் பையன் இருக்கான்னு. இப்ப பத்து வீடு ஏறிடுச்சே!"

சுருக்குப் பையைத் திறந்து, அவர் போட்ட கைக்காசுக்கென்று பத்துப் பிரதியின் விலையை எண்ணி நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கை நீண்டுவிட்டது. பிறந்ததிலிருந்து பழகிய கை.

வடிவமைப்பவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "ரசீது பத்துக்குப் போடட்டுமா சார், இல்ல முழுசுக்குமா?"

பதிப்பாளர் பணத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"எனக்கெதுக்குப்பா ரசீது, நம்ம தம்பிதானே," என்று சிரித்தபடி அவள் படியிறங்கினாள். கூப்பிட்டிருக்கலாம். பன்னிரண்டு படி, முழங்கால் வலிக்காரி, மெதுவாகத்தான் இறங்கினாள். கீழே கதவு சாத்திக்கொண்டது.

ரசீதுப் புத்தகத்தை இழுத்து, ஒரு தாளின் பின்பக்கம் எழுதினார்.

அச்சிட்டது ஆயிரத்து இருநூறு. அம்மாவுக்குத் தெரிந்தது ஐந்நூற்றுப் பத்து. தெரியாத வீடு அறுநூற்றுத் தொண்ணூறு.