பச்சைத் துணியில் நாலு எழுத்து

அண்ணியின் தையல் கடை வீட்டின் முன்னறையில் இருந்தது. அங்கே உட்கார மட்டும்தான் நாத்தனாரான அவளுக்கு அனுமதி. மெஷினைத் தொடக்கூடாது, அளவு எடுக்கக்கூடாது, துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியைக் கையில் எடுக்கவே கூடாது. "தொழிலைக் கத்துக்கிட்டு எனக்கு எதிர்லயே கடை போடுவே" என்று அண்ணி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். வீட்டில் இருக்கும் நாளிலும் இந்த விஷயத்தில் அவனுக்குக் காது கேட்காது.

எனவே அவள் கீழே விழுந்ததைப் பொறுக்கினாள். கெட்டி அட்டையை எழுத்து வடிவில் நறுக்கி, வெட்டுத்துணியைப் போர்த்தி, ஓரங்களைப் பின்னால் மடித்து ஒட்டினாள். பின்பக்கத்தை இன்னொரு துண்டால் மூடி, பொத்தான் அளவு காந்தத்தை வைத்தாள். அ முதல் ஔ வரை உள்ளங்கை அகலத்தில் கடையின் இரும்பு பீரோவில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"பீரோவுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

பாலர் பள்ளி டீச்சர் அன்று பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் வகுப்புக்கு ஒரு செட் செய்து பள்ளிக்கே கொண்டுபோய்த் தரவேண்டும். அவளுக்கென்று ஒரு வேலை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

டீச்சர் வந்தார். அ-வை எடுத்துத் தடவிப் பார்த்தார். ஆ-வைத் திருப்பி, காந்தத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. "பசங்க கைக்கும் தாங்கும்" என்றார். இ-க்கு வந்ததும் அவர் கை நின்றது.

"இது என் துணி."

பச்சைப் பட்டு, அதில் தங்க நிறக் கொடி. ஈ, உ, ஊ மூன்றையும் பிடுங்கி மேஜையில் வரிசையாக வைத்தார். கொடி ஓர் எழுத்தில் தொடங்கி அடுத்ததில் ஓடியது.

"ஜாக்கெட்டுக்கு முழங்கை வரைக்கும் கை வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். துணி பத்தல, குட்டைக் கைதான் வரும்னீங்க. நாலு எழுத்துக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

அண்ணி ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "வீட்டுக்குள்ளயே திருடி இருந்தா நான் என்ன டீச்சர் பண்றது? வெட்டறதுக்கு முன்னாடியே உருவியிருப்பா. ஊமைக்கோட்டானை நம்பவே கூடாது."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "சின்னப் பிள்ளைங்க இருக்கற இடம்மா. பை, பெட்டி எல்லாம் திறந்தே கெடக்கும். எப்படி உன்னை உள்ள விடறது?"

துணி மூட்டையைக் காலால் தள்ளி, "குப்பை, எடுத்துத் தொலை" என்றது அண்ணிதான். இவ்வளவு பெரிய பச்சைத் துண்டு குப்பைக்கு எப்படி வந்தது என்று அப்போதே அவளும் யோசித்திருந்தாள். கேட்டால் பிடுங்கிக்கொள்வாளோ என்று கேட்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் வீட்டில் இருக்க முடியாது. திறக்காவிட்டால் திருடிப் பட்டம்.

ஈ-யை எடுத்தாள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தாள். பசை அரைகுறையாக விட்டது, அட்டை கிழிந்தது. துணியின் உள்பக்கத்தில் வளைவாக ஒரு நீலக்கோடு, தோளோடு கையைச் சேர்க்கும் இடத்தில் வருகிற வளைவு.

டீச்சர் குனிந்து பார்த்தார். "கை வெட்டப் போட்ட கோடு. யார் போட்டது?"

"அவதான் போட்டிருப்பா" என்றாள் அண்ணி.

"எனக்குக் கை வெட்டத் தெரியாது அண்ணி" என்றாள் அவள். "நீங்கதான் சொல்லியே தரலையே."

மேஜைமேல் கிடந்த நீலச் சாக்குக்கட்டியை டீச்சர் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "கையைத் தப்பா வெட்டிட்டு, துணி பத்தலன்னு சொல்லிட்டீங்க."

"தின்ன சோத்துக்கு நல்லா நன்றி காட்டினே" என்றாள் அண்ணி, அவளைப் பார்த்து.

டீச்சர் கிழிந்ததையும் சேர்த்து நாலு எழுத்தையும் பையில் போட்டுக்கொண்டார். "இதுக்கு விலை கேட்டுடாதே" என்றார் அவளிடம். "இனிமே துணி நான் தருவேன். அளந்து தருவேன். எழுத்தையும் மிச்சத்தையும் சேத்து வெச்சு அளந்து வாங்குவேன். உன்னையும் நான் நம்பல. சம்மதமா?"

"அளந்தே குடுங்க."

"உங்ககிட்ட தைக்கக் குடுத்த மத்த துணியெல்லாம் எடுங்க" என்றார் அண்ணியிடம். "வெட்டாததையும்." எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆர்டர் வாங்கியாச்சு. எங்க உக்காந்து வெட்டுவாங்களாம் மகாராணி?"

"இங்கதான்."

"இது என் கடை."

"எங்க அண்ணன் வீடு."

அண்ணி எழுந்து போய் லைட்டை அணைத்தாள். பிறகு ஃபேனையும். அவள் முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அண்ணி வந்து ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள். திறந்திருந்த கதவின் பக்கம் முக்காலியை நகர்த்திக்கொண்டு, அவள் புது அட்டையில் இ வரைய ஆரம்பித்தாள்.