என் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு

கேமராவுக்கு ஒரு ஸ்டாண்டு தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுசாகப் போனது. "மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்க எழிலு" என்று தபால் ஆபீசில் பக்கத்துச் சீட்டு கோவிந்தம்மாள் அக்கா கிண்டல் செய்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் கேமரா மரப்பெட்டிக் கேமரா. நடுவில் ஆர்மோனியம் மாதிரி விரிகிற துருத்தி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிலிம், அதுவும் தபால் கார்டு அளவில். பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கையில் பிடித்து எடுக்கிற சமாச்சாரமே இல்லை. ஸ்டாண்டு ஆடினால் படம் போச்சு.

இந்தக் கிறுக்கு எனக்கும் என் வீட்டுக்காரர் பிரபாகருக்கும் சேர்ந்தே பிடித்தது. அவர் சர்வே வேலை பார்ப்பவர். நிலம் அளக்கும் கருவியை வைக்கிற மஞ்சள் ஸ்டாண்டையே கேமராவுக்கும் வைத்துக்கொண்டோம். அவர் தோளில் ஸ்டாண்டு, என் முதுகில் கேமரா. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலை அடிவாரத்துக்கு வண்டியில் போவோம்.

ஒருநாள் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டோரம் ஸ்டாண்டை விரித்ததுதான் தாமதம், காட்டுக்காரம்மா சின்னம்மாள் களைக்கொத்தோடு ஓடி வந்தார். "மறுபடியும் ரோட்டுக்கு அளக்க வந்துட்டீங்களா? மூணு காலயும் ஒடைச்சிருவேன்!" புது ரோட்டுக்கு நிலம் எடுக்க வந்து அளந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் மஞ்சள் ஸ்டாண்டைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். பிரபாகர் வாதாடவில்லை. கறுப்புத் துணியைத் தூக்கி, "உள்ள பாருங்க ஆத்தா" என்றார். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுத் துணிக்குள் தலையை விட்டார். பிறகு, "மலைய ஏன்டா கவுத்து வெச்சிருக்கீங்க? போறப்ப நேரா வெச்சிட்டுப் போங்க" என்று குரல் வந்தது. எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இந்த மஞ்சக் கலரு ஆகாது எழில். நமக்குன்னு ஒண்ணு வாங்கணும்" என்றார் பிரபாகர் அன்று. வாங்குவதற்குள் அவருக்கு மஸ்கட்டில் வேலை வந்தது. தை மாதம் ஒப்பந்தம் முடியும், வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். மஞ்சள் ஸ்டாண்டு அவருக்கு இங்கே சர்வே வேலை கொடுத்த கான்ட்ராக்டரிடம் திரும்பிப் போய்விட்டது.

தேடியதில் இரண்டு மிஞ்சின. ஒன்று நல்ல கனம். மேலே கேமரா மாட்டுகிற இடத்தில் மூன்று கைப்பிடி வைத்த தலை. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்யலாம். இன்னொன்று கார்பன் கால், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற அளவுக்கு லேசு. ஆனால் தலை பந்து மாதிரி. ஒரு பக்கம் சரிசெய்யத் தளர்த்தினால் கேமரா மொத்தமும் சாயும்.

எனக்குக் கனமானதுதான் வேண்டும். மலைக்காற்றுக்கு அதுதான் நிற்கும் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். அதையும் கேமராவையும் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. அதை வாங்கிவிட்டால் அவர் வந்தே ஆக வேண்டும். பைத்தியக்காரக் கணக்குதான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன். பிலிம் பெட்டி கெடாமல் இருக்க ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் கிடந்தது. தனியாகப் போய் எடுத்து யாரிடம் காட்டுவது?

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது போனில் கூப்பிட்டார். இரண்டு ஸ்டாண்டின் விவரத்தையும் முன்பே அனுப்பியிருந்தேன்.

"கனமானதயே வாங்கிடலாங்க. நீங்க தூக்க மாட்டீங்களா என்ன?" என்றேன்.

அது காதில் விழாத மாதிரி பேசினார். "லேசான காலயே வாங்கு. அந்தப் பந்துத் தலையக் கழட்டிட்டு மூணு கைப்பிடித் தலை சின்னதா ஒண்ணு மாட்டிக்க. காத்தடிச்சா பைய கீழ கொக்கியில தொங்க வுடு, ஆடாது. நடுத்தண்ட மட்டும் மேல ஏத்தாத, அப்புறம் ஆடும்."

இத்தனை நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரே மூச்சில் வழி சொல்லிவிட்டார். பெருமையாகக்கூட இருந்தது. "உசரம் பத்துமா?" என்றேன்.

"கால முழுசா நீட்டுனா கண்ணாடி உன் கண்ணுக்கு நேரா வரும். கல்லு தேட வேணாம்."

மஞ்சள் ஸ்டாண்டை அவர் உயரத்துக்குத்தான் நிறுத்துவோம். நான் ஒரு கல்லைப் போட்டு ஏறிப் பார்ப்பேன். விழாமல் என் முழங்கையை அவர் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ நீங்க குனியணுமேங்க."

சொல்லும்போதே அவர் இப்போதைக்கு வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் எழில். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எனக்காகக் காத்திருக்காம மலைக்குப் போ. நீ எடுத்தா நான் பாப்பேன்" என்றார். நான்தான் போனை வைத்தேன்.

நாலைந்து நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, அவர் சொன்னதையே வாங்கினேன். பார்சல் எங்கள் ஆபீசுக்கே வந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கை வலிக்கவே இல்லை. வாசலில் காலை முழுசாக நீட்டி, கேமராவை மாட்டி, பின்னால் போய் நின்றேன். குனியவும் இல்லை, எம்பவும் இல்லை. கண்ணாடி என் கண்ணுக்கு நேராக இருந்தது, ஒரு விரல்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல். என் உயரம் இவ்வளவு சரியாகத் தெரிந்த மனுசன் இங்கே இல்லையே என்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்றும் பாராமல், அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.