லீவே போடாதவள் வாங்கிய பட்டம்

ஹெலனுக்கு நாற்பத்து மூன்று வயதில் ஒரு டிகிரி தேவைப்பட்டது. புதிதாக வேலை தேடுவதற்கு அல்ல, இருபத்தோரு வருஷமாகப் பார்த்துவருகிற அதே வேலையைப் பார்ப்பதற்கு. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு வரவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி ஒரு பெரிய ரிசார்ட். தொண்ணூறு அறைகள். பிளஸ் டூவும் ஒரு சின்ன சர்டிபிகேட் கோர்ஸும் மட்டும் படித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் கட்டில் விரிப்பு மாற்றுகிற பெண்ணாக அங்கே நுழைந்தவள் ஹெலன். செங்கல்பட்டு ராட்டினங்கிணற்றில் விடியற்காலை கம்பெனி வேன் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்குவாள். மழை, புயல், கொரோனா எதற்கும் நின்றதில்லை. ஹவுஸ்கீப்பிங் தலைவர் ராமானுஜம் ஓய்வு பெற்றுப் போனதும் துறை முழுக்க இவள் தலையில்தான் விழுந்தது. எட்டு மாதம் தூக்கிச் சுமந்தாள். நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரிசார்ட்டை மும்பைக்காரர்கள் வாங்கினார்கள். போன வருஷம் ஏப்ரலில் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை தொங்கியது. மேனேஜர் பதவி எதுவாக இருந்தாலும் பட்டம் கட்டாயம், அடுத்த மார்ச் முப்பத்தொன்றுக்குள் காட்ட வேண்டும். ஹெலன் அதை நின்று படிக்கவில்லை. நின்று படித்தால் இவளுக்குப் பட்டம் இல்லை என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே! சாப்பாட்டுக்குப் போகிறபோது பாதி, திரும்பி வருகிறபோது பாதி என்று ஓரக்கண்ணால் படித்து முடித்தாள்.

அவளுக்கு டிகிரி இல்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர்களோடு அவள் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டு எல்லாரும் அவர்களாகவே ஒரு காலேஜைக் கற்பனை செய்துகொண்டார்கள். இன்றைக்கு ஹெச்.ஆர். மேனேஜராக இருக்கும் ரோகிணி ஒன்பது வருஷத்துக்கு முன் பயிற்சிக்கு வந்தவள். ஆறு வாரம் ஹெலனோடு அறை அறையாகச் சுற்றினாள். ஒரு நாள், "அக்கா, நீங்க எந்தக் காலேஜ்?" என்று கேட்டாள். ஹெலன் சிரித்து மழுப்பிவிட்டாள். அந்த ஒரு மழுப்பல் இருக்கிறதே, பாவி மழுப்பல், அதைத்தான் அப்புறம் திருப்பி வாங்க முடியவில்லை. இப்போது போய் அந்தப் பெண்ணிடமே, "எனக்கு டிகிரி இல்லை, என்ன செய்யட்டும்?" என்று எந்த வாயால் கேட்பது?

கேட்காமல் தானே தேடினாள். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. ஃபீஸ் கைக்கு அடக்கம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஆனால் மூன்று வருஷம். செங்கல்பட்டு மையத்தில் விண்ணப்பம் வாங்கி, போட்டோ ஒட்டி, கையெழுத்தும் போட்டு பீரோவில் வைத்தாள். ஆன்லைன் டிகிரிகளையும் பார்த்தாள். அவையும் மூன்று வருஷம், பணமோ கேட்டாலே தலை சுற்றும். அவள் கையில் இருந்தது பதினோரு மாதம்.

"மூணு வருசம் ஆனா ஆவட்டுமே," என்றார் புருஷன் ஆபிரகாம். அரசு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர் அவர். "உன்னிய யாரு தொரத்திகினு வர்றா? இந்த நாற்காலி இல்லாங்காட்டி இன்னொண்ணு."

"உங்களுக்கு இன்னா தெரியும்? நேத்து காலேஜ் முடிச்ச பொண்ணு வந்து எனக்கு பெட்ஷீட் விரிக்கக் கத்துக் குடுப்பா. அதுக்கு நான் தலையாட்டிகினு நிக்கணுமா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். அவள் கோபம் அவருக்குத் தெரியும்.

ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் மொபைல் கடைக்கு மேல் மாடியில் ஒரு கல்வி ஆலோசனை மையம். 'வேலை பார்ப்போருக்கு ஒரே வருடத்தில் பட்டம்' என்று போர்டு. அதை நடத்துகிற ஜோஷ்வாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஹெலன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

"இருபத்தோரு வருசம் வேல பாத்துகினு கீறீங்க. அதுவே படிப்புதான்க்கா," என்றான். "அதுக்கு மார்க்கு போட ஆளில்லாம பூட்ச்சு, அவ்ளோதான். நாங்க போட்றோம்."

ஹெலன் இந்த இடத்தில்தான் விழுந்தாள். ஏமாளி என்று அவளைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இருபத்தோரு வருஷத்தில் ஒரு மனுஷனாவது அப்படி அவளிடம் சொல்லியிருந்தால் அந்த மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"வடக்க ஒரு யுனிவர்சிட்டி. ரெண்டாயிரத்துப் பத்தொம்போதுல சேந்த பேட்ச்சுல சீட்டு காலியா கீது. அதுல உங்க பேர ஏத்திட்டா மூணு வருசம் முடிஞ்ச கணக்கு."

"அது தப்பில்லையா தம்பி?"

"தப்புன்னா யுனிவர்சிட்டியே குடுக்குமாக்கா? ஒரிஜினல் சர்டிபிகேட்டு. எங்க வேணா குடுத்து செக் பண்ணிக்கோங்க."

தப்பு என்று உள்ளே ஏதோ சொல்லத்தான் செய்தது. ஆனால் அவள் நிஜமாகவே படித்தாள் ஐயா! வேனில் போகும்போதும் வரும்போதும் புத்தகம் மடியில் இருக்கும். அந்த மாடியறையில் பரீட்சை என்று உட்கார வைத்தபோது, சுற்றியிருந்தவர்கள் மேஜைமேல் புத்தகத்தை விரித்து வைத்து எழுதினார்கள். ஹெலன் மட்டும் தன் புத்தகத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு எழுதினாள். விடைத்தாள் எந்தக் குப்பைக்குப் போயிற்றோ, யார் கண்டது. பிப்ரவரியில் தங்க எழுத்தில் பட்டம் வந்தது. மார்ச்சில் பதவி வந்தது. ஆபிரகாம் வார்டு வார்டாக லட்டு கொடுத்தார்.

ஜூனில் ரோகிணி போனில் கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்குப் பதினோரு மணிக்கு என் ரூமுக்கு வந்துட்டுப் போங்க. உங்க சர்டிபிகேட் வெரிஃபிகேஷன் வந்திருக்கு." குரலில் ஏதோ ஒன்று சரியில்லை.

ஹெலன் துணிக்கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜோஷ்வாவைக் கூப்பிட்டாள். அவன் கொஞ்சமும் பதறவில்லை.

"அட்டெண்டன்ஸ் பிரச்சனையா இருக்கும்க்கா. கொரோனா டைம்ல உங்காண்ட வெரல் வைக்கிற மிசினா, கார்டா?"

"கார்டுதான்."

"அப்ப இன்னா பேஜாரு? நான் அங்க காலேஜ்ல இருந்தேன், எனக்கு பதிலா ஃப்ரெண்டு கார்டு போட்டுச்சுன்னு எழுதிக் குடுங்க. பழைய கத, திட்டிட்டு வுட்டுருவாங்க. டிகிரி நிக்கும்." போனை வைத்துவிட்டான்.

இரவெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சொல்ல முடியும் என்றுதான் தோன்றியது. வேனில் வரும்போதுகூட வரிசையாக மனப்பாடமாக இருந்தது.

ரோகிணியின் அறைக்கு வெளியே நடையில் படங்கள் மாட்டியிருக்கும். ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஊழியர் என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஹெலனின் முகம், ஒரே சட்டத்துக்குள். 2019, 2020, 2021. அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள்.

"உட்காருங்கக்கா." ரோகிணி கண்ணைப் பார்க்கவில்லை. "சர்டிபிகேட் அவங்க குடுத்ததுதான்னு யுனிவர்சிட்டி சொல்லிட்டாங்க."

ஹெலனுக்கு மூச்சு வந்தது.

"ஆனா ரெகுலர் கோர்ஸ்னு போட்டிருக்கு. தினமும் நேர்ல கிளாசுக்குப் போன மாதிரி. மூணு வருஷம். பரீட்சைத் தேதியெல்லாம் அனுப்பியிருக்காங்க." ஒரு தாளை முன்னால் நகர்த்தினாள். "ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, டிசம்பர் பதினாலு. காலைல பத்து மணிக்கு அஞ்சாவது செமஸ்டர் பேப்பர். நம்ம ரெக்கார்டுல அன்னைக்கு நீங்க செகண்ட் ஷிஃப்ட். மத்தியானம் ரெண்டு நாலுக்குக் கார்டு விழுந்திருக்கு. வடக்க பரீட்சை எழுதிட்டு ரெண்டு மணிக்கு எப்படி இங்க வர முடியும், காலைல எங்க இருந்தீங்கன்னு மும்பைல கேக்குறாங்க. அப்போ கார்டு சிஸ்டம்தானே... யாராவது உங்களுக்காகப் போட்டாங்களா?"

அந்தப் பெண் தனக்குத் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைக்கிறாள் என்று ஹெலனுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மனப்பாடம் செய்தது நாக்கு நுனியில் நின்றது. ஆனால் தேதி! முன்னூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, அந்தத் தேதிதானா கிடைத்தது படுபாவிகளுக்கு?

"அன்னிக்குப் பத்து மணிக்கு எங்கம்மாவக் குழியில எறக்குனாங்க, மேடம்," என்றாள் ஹெலன். "அச்சரப்பாக்கத்துல. ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்தேன். வேலைக்குக் கூட்டியார வேன் அனுப்பி வெச்சதே நீங்கதான்."

ரோகிணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ரிசார்ட்டில் ஒரு பெரிய கல்யாணம், தொண்ணூறு அறையும் நிரம்பி வழிந்தது. ஹெலன் அழுத முகத்தைப் பின்பக்கக் குழாயில் கழுவிவிட்டு ரெண்டு நாலுக்குக் கார்டு போட்டாள். இன்றைக்கு ஏன் வந்தாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அந்த வருஷ விழாவில் மேடையேற்றிக் கைதட்டினார்கள். தாயைப் புதைத்த நாளிலும் வேலைக்கு வந்தாள் என்பதைத் தவிர அவளிடம் இருக்கிற பெருமைதான் என்ன? அந்த நாளில் தன் கார்டை வேறு யாரோ போட்டார்கள் என்று அவள் எப்படி எழுதுவாள்?

"கார்டு நான்தான் போட்டேன். மூணு வருசமும் நான்தான் போட்டேன். சர்டிபிகேட்டுதான் பொய்."

"ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" ரோகிணி அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தாள். "சர்குலர் ரெண்டாம் பக்கத்துல இருக்கே, இப்ப படிச்சிட்டிருக்கிறவங்களுக்கும் போஸ்ட் உண்டுன்னு. ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல சேர்ந்த ரசீது, அது போதும். மூணு வருஷம் டைம் குடுத்திருப்பாங்க."

ரெண்டாம் பக்கம்! குண்டூசி குத்தியிருந்த முதல் தாளுக்குப் பின்னால் அது ஒரு வருஷம் முழுக்கத் தொங்கியிருக்கிறது. நின்று, தாளைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத்தான் கூச்சம். பீரோவில் போட்டோ ஒட்டிக் கிடக்கும் விண்ணப்பம் ஞாபகம் வந்தது.

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"பொய் சர்டிபிகேட் குடுத்தா டிஸ்மிஸ்தான் ரூல். நீங்களே ரிசைன் பண்றதா எழுதிக் குடுத்தா, அவ்வளவு தூரம் போகாம நான் பேசிப் பாக்குறேன். அது மட்டும்தான் என்னால முடியும்."

ஹெலன் எழுதினாள். நல்ல இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல் எழுதினாள். இருபத்தோரு வருஷத்தை மூன்று வரியில் முடித்துவிட்டு எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெளிய இருக்கிற அந்தப் படத்த நான் எடுத்துகினு போலாமா?"

ரோகிணி அந்தக் கடிதத்தை ஃபைலுக்குள் வைத்தாள். "அதுவும் ஃபைலோட போகணும்க்கா. மும்பைல அட்டெண்டன்ஸுக்கு ஆதாரம் கேட்டிருக்காங்க."

கம்பெனி வேன் ஆறு மணிக்குத்தான். அதுவரை அங்கே உட்கார்ந்திருக்க அவளுக்கு முகம் இல்லை. ரோட்டுக்கு நடந்து, மாமல்லபுரம் போய், செங்கல்பட்டு பஸ் பிடித்தாள். உச்சி வெயிலில் தன் தெருவுக்குள் நுழைவது அவளுக்கே அந்நியமாக இருந்தது. வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவள் வீடு திரும்பியதே இல்லை.

நைட் டூட்டி முடித்துத் தூங்கி எழுந்த ஆபிரகாம் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னாடி, இந்நேரத்துக்கு வூட்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன? லீவா?"

ஹெலன் செருப்பைக் கழற்றினாள். ஒரு செருப்பு கவிழ்ந்து விழுந்தது, அதைக் குனிந்து நிமிர்த்தி வைத்தாள்.

"ஆமா. லீவு," என்றாள்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "யப்பா! கட்டிகினு வந்ததுலேருந்து இன்னிக்குத்தான் என் பேச்ச கேட்டிருக்க. மேனேஜரானாத்தான் லீவே குடுப்பானுங்க போல. நீ போய்க் கால நீட்டிப் படு. நான் மார்க்கெட்டாண்ட போய் நல்ல மீனா பாத்து வாங்கியாறேன்."

வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தட்டி உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஹெலன் வாசல்வரைக்கும் வந்தாள். தெருமுனையில் யாரோ இவரை நிறுத்திப் பேசினார்கள். இவர் கையை வீட்டுப் பக்கம் நீட்டி, பெண்டாட்டி லீவு போட்டிருக்கிறாள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.