தட்டாமல் நுழையும் ஊர்

"ஏண்டி கதவைத் தட்டுறே? நீ என்ன போலீஸா, பாதிரியாரா?"

"உள்ள யாராவது இருக்கீங்களான்னு தெரியல. அதான்..."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நேரா உள்ள வா. அடுப்புல கெட்டில் இருக்கும், டீயைப் போட்டுக் குடி. நீ யாருன்னு நான் வந்து அப்புறமா கேட்டுக்கறேன்."

லொரெட்டா கல்யாணமாகி கேனட் கோவ் என்ற மீனவ ஊருக்கு வந்த முதல் வாரம் நடந்த பேச்சு அது. அவள் செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பெண். பிறர் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறப்பது அநாகரிகம் என்று வளர்ந்தவள். அன்று வாசலில் நின்று சிரிக்கச் சிரிக்கக் கேலி செய்தவள் ஃபிலோமினா. யாருக்கும் சொந்தமில்லாவிட்டாலும் ஊர் முழுக்க அவளுக்கு அத்தை என்றுதான் பெயர்.

நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கடலோரத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் பாதிரியார். இருவரும் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் கொண்டு வருவார்கள், கடல் யாரையோ எடுத்துக்கொண்டது என்று. அதனால் மற்றவர்கள் எல்லாம் பின்வாசல் வழியாக, பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டு, நேராகச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

லொரெட்டாவின் புருஷன் லியாண்டரின் வீடு மட்டும் விலக்கு. முதல் குளிர்காலத்திலேயே அவன் பின்கதவுக்கு உள்ளே ஒரு கொக்கி மாட்டினான். "காத்துக்குத் திறந்துக்குது" என்றான். வந்தவர்கள் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். திறக்கவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு விரலால் தட்டினார்கள். "புதுசா கல்யாணமானதுங்க, நாம எதுக்கு நடுவுல?" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தத் தட்டலுக்கும் கொக்கி விலகுவதற்கும் இடையில் கிடைக்கும் நேரம் லியாண்டருக்குப் போதும். சாய்ந்த நாற்காலி நிமிர்ந்துவிடும். உடைந்த தட்டு மூலைக்குப் போய்விடும். லொரெட்டா முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்பாள். "வாங்க, வாங்க" என்று அவன் கதவைத் திறக்கும்போது அந்த வீட்டில் எதுவுமே நடந்திருக்காது.

ஊருக்கு அவன் நல்லவன். பனி கொட்டினால் தன் வண்டியின் முன்னால் இரும்புப் பலகையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகத் தள்ளிக் கொடுப்பான். அதற்குக் காசு வாங்கியதில்லை. அப்படிப்பட்டவனைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

உதவி கேட்க ஒரு வார்த்தை லொரெட்டாவிடம் இருந்தது. நண்டு ஆலையில் கூட வேலை செய்யும் மார்செல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் நின்று நண்டுக் கால்களை வெட்டிக்கொண்டிருக்கும்போது அது தொண்டை வரை வரும்.

"மார்செல்லா..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கத்தியை இப்படிக் கொடு."

"இதுக்கா இப்படி மூச்சு வாங்குறே? நண்டு உன்னை வெட்டுற மாதிரி இருக்கு போ."

கோயில் கூடத்தில் சீட்டாடும்போதும் அப்படித்தான். சொல்ல வாயெடுப்பாள். வெளியே லியாண்டரின் வண்டி ஹாரன் அடிக்கும். எழுந்து கோட்டை மாட்டிக்கொள்வாள்.

இந்த மார்ச் மாதப் பனிப்புயல் அவர்கள் இருவரையும் வீட்டுக்குள் அடைத்துப் போட்டது. தொலைபேசியில் தங்கையோடு பேசும்போது லொரெட்டா எதற்கோ சிரித்துவிட்டாள். "என்னைப் பத்தித்தானே சிரிச்சே?" என்று அவன் அமைதியாகக் கேட்டான். அமைதியாகத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். உள்ளே ஏதோ நெட்டி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் மதியம் புயல் ஓய்ந்ததும், எப்போதும் போல, ஊராருக்குப் பனி தள்ளக் கிளம்பினான்.

லொரெட்டா ஜன்னலருகே நின்று வண்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேட்டு வீடுகளில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி வருவான். ஃபிலோமினா அத்தையின் வீடுதான் கடைசி. சத்தம் இன்னும் மேட்டில்தான் இருந்தது. கோட்டின் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

அத்தையின் பின்வாசலை அடைந்தாள். எத்தனையோ வருடமாகக் கொக்கி போட்ட வீட்டில் வாழ்ந்தவள் அல்லவா? கை தானாக உயர்ந்தது. தட்டினாள்.

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. காலடிச் சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஃபிலோமினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் துளி ரத்தம் இல்லை. அவளுடைய மகன் கிளெமென்ட் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவன்.

"சொல்லிடு. என் கிளெமென்ட்டுக்கு என்ன ஆச்சு? சொல்லிடுடி!"

"அவனுக்கு ஒண்ணும் ஆகல அத்தை."

"பின்ன யாரு? யாரு போனது?"

"யாரும் இல்ல அத்தை. நான்தான்."

ஃபிலோமினாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "பாவி மகளே, என் உசுரையே எடுத்துட்டியே! இத்தனை வருஷமா இங்க இருந்துட்டு..." என்று தொடங்கியவள், கோட்டுக்கு வெளியே தொங்கிய கையைப் பார்த்தாள். வீங்கி, நீலம் பாரித்து, அது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

"விழுந்துட்டியா?"

லொரெட்டா தலையசைத்தாள், இல்லை என்று.

"லியாண்டரா? நம்ம லியாண்டரா?"

அந்த 'நம்ம' என்ற சொல்லைக் கேட்டதும் லொரெட்டா, திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் பின்னால் வைத்தாள். ஃபிலோமினா அவளை நல்ல கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். டீயில் டின் பாலை ஊற்றினாள், சர்க்கரையைப் போட்டாள், மறந்துபோய் மறுபடி போட்டாள்.

"அவன் தள்ளிக் கொடுத்த வழியிலதான் நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறேன்" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "நடக்கும்போதெல்லாம் அவனுக்காக வேண்டிக்குவேன். உனக்கு என்னிக்காவது வேண்டியிருக்கேனாடி? இல்லையே."

அழுதது அவள்தான். லொரெட்டாவுக்கு அழுகை வரவில்லை. அவள் காது வெளியிலேயே இருந்தது. வண்டிச் சத்தம் கடைத்தெருப் பக்கம் இறங்கியிருந்தது.

அப்போது பின்கதவு திறந்து, பூட்ஸை உதறிக்கொண்டு மார்செல்லா உள்ளே வந்தாள். "அத்தை, உங்க வீட்டுல மாவு இருக்கா? எங்க அம்மா ரொட்டி..." கையைப் பார்த்ததும் மாவை மறந்தாள். ஆலை மேஜையில் அரைகுறையாக நின்றுபோன பேச்செல்லாம் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது போலிருந்தது.  தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் சொன்னது இதுதான்: போலீஸ் வருவார்கள், ஆனால் மலைச்சாலை பனியில் மூடியிருக்கிறது, திறக்க நாளை காலை ஆகும். பெண்கள் காப்பகத்தில் இடம் தருகிறார்கள், அதற்கும் அதே சாலைதான்.

"அப்ப இன்னிக்கு இவ இங்கதான்" என்றாள் மார்செல்லா. "கதவைப் பூட்டுங்க அத்தை."

ஃபிலோமினா கதவைப் பார்த்தாள். "பூட்டா? இந்த வீட்டுக்கு ஏதுடி பூட்டு?"

மூவரும் அந்தக் கதவையே பார்த்தார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். லியாண்டரும் திறக்கலாம்.

மார்செல்லா மறுபடி தொலைபேசியை எடுத்தாள். "அம்மா, மாவு கிடக்கட்டும். நீ இங்க வா. பக்கத்து வீட்டுலயும் சொல்லு. ஏன்னு கேட்காதே, வந்து சும்மா உட்காரு."

வந்தார்கள். ஆலைப் பெண்கள், கோயிலில் பாடும் பெண்கள், பின்னல் ஊசியும் நூலுமாக ஒருத்தி, பாதி தோல் உரித்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தோடு இன்னொருத்தி. யாரும் தட்டவில்லை. வந்தவர்கள் கையைப் பார்த்தார்கள், கண்ணைத் தாழ்த்தினார்கள், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும், "அந்தக் கொக்கியைப் பார்த்து நாம சிரிச்சோமே" என்று முணுமுணுத்தாள்.  சமையலறையில் இனி ஒரு நாற்காலிக்கு இடமில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் வண்டி வாசலுக்கு வந்தது. இரும்புப் பலகை தரையை உரசும் சத்தம். முன்னும் பின்னுமாக, பொறுமையாக, சுத்தமாகத் தள்ளினான். வேலை முடிந்தது. என்ஜின் நின்றது.

லியாண்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். "அடேயப்பா! என்ன அத்தை இவ்வளவு கூட்டம்? யாராவது செத்துட்டாங்களா?"

"சீட்டாட வந்திருக்காங்க" என்றாள் ஃபிலோமினா.

"சீட்டு எங்க?"

 பின்னல் ஊசிகள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவன் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய், அடுப்பருகே நின்றது.

"நீ இங்க இருக்கியா? வீட்டுல இருப்பேன்னு நெனச்சேன் கண்ணு" என்றான். குரல் வெல்லமாக இருந்தது. "கோட்டை எடு. போலாம்."

லொரெட்டா எழுந்தாள். அவள் எழவில்லை, கால்கள் எழுந்தன. நல்ல கை கோட்டைத் தேடியது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அந்த ஊரில் யாரும் கை வைத்துப் பழகியதில்லை. ஆனால் ஒருத்தியும் வழி விட்டு நகரவும் இல்லை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளிடமிருந்து ஏதோ ஒன்று வந்தால் போதும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"லொரெட்டா" என்றான் அவன், இன்னும் மெதுவாக.

அவள் கோட்டை விட்டாள். அவன் பக்கம் திரும்பவில்லை. மார்செல்லாவையும், அத்தையையும், பெயர் கூடச் சரியாகத் தெரியாத அந்தப் பின்னல்காரியையும் பார்த்தாள். எத்தனையோ வருடமாகத் தொண்டையில் கிடந்தது கரகரத்து வெளியே வந்தது.

"என்னை அனுப்பாதீங்க. நானே போறேன்னு சொன்னாலும் விடாதீங்க."