கண்ணாடிக்குள் விறகு

என் மனைவி கோசலா இறந்து ஐந்து மாதங்கள். சோலோதுர்ன் நகரில் நாங்கள் வாங்கிய வீடு பூட்டியே கிடக்கிறது. வரவேற்பறைச் சுவரில் ஒரு சதுர ஓட்டை. செமினே வைப்பதற்காக விட்டது. எரிவாயுவில் எரியும் கணப்படுப்பு அது. அதற்கான படிவத்தை நிரப்பியவள் அவள்தான். உள்ளே வைக்கும் விறகு எது என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டாள். நேரில் பார்த்துத் தெரிவுசெய்வோம் என்றாள்.

விறகு என்றால் விறகல்ல. பீங்கானில் வார்த்து நிறம் தீட்டிய கட்டைகள். கீழே வாயு எரியும். கட்டை எரிவதுபோல் தெரியும்.

போன கிழமை கடையிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் விறகைச் சொல்லாவிட்டால் ஓடர் ரத்து. ரத்தானால் ஓட்டையை அடைத்து வீட்டை விற்றுவிடலாம். கோசலாவின் அம்மா, இராஜேஸ்வரி மாமி, அதைத்தான் சொல்கிறார். பால் காய்ச்சாத வீடு. ஒரு வருடம் நிறைந்து ஆட்டைத் திவசம் முடியும்வரை காய்ச்சவும் கூடாது. தனியாளுக்கு எதற்கு? நான் மறுக்கவில்லை. ஷ்லீரன் என்ற ஊரில், அவருடைய மகன் நிருசனின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன்.

நிருசன் பஸ் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு என்னோடு கடைக்கு வந்தான்.

கடைக்காரர் லூதி மேசையில் கட்டைகளை வரிசையாக வைத்தார். வெள்ளைப் பட்டையோடு பேர்ச். பிளந்த பீச். கருகிய ஓக்.

"இந்த வெள்ளை வடிவு அத்தான்," என்றான் நிருசன்.

"ஓம்."

"ஓமெண்டா, இதையே எடுப்பமோ?"

"வடிவெண்டுதான் சொன்னனான்."

"உங்களோட கதைக்கிறதுக்கு இந்தக் கட்டையோட கதைக்கலாம்."

நான் லூதியின் பக்கம் திரும்பினேன். இதன்மேல் ஒரு பானை வைக்க முடியுமா என்று ஜெர்மனில் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. பால் பானை, என்றேன். புது வீட்டில் குடிபுகும்போது முதலில் பால் காய்ச்சிப் பொங்கவிடுவது எங்கள் வழக்கம் என்று விளக்கினேன். வாடகை வீட்டில் மின்னடுப்பில்தான் காய்ச்சினோம். நெருப்பே தெரியாமல் பொங்குகிறது என்று கோசலா குறைப்பட்டாள். சொந்த வீட்டில் நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்றாள். செமினே என்ற பேச்சே அப்படித்தான் தொடங்கியது.

லூதி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு முன்பக்கக் கண்ணாடியை விரலால் தட்டினார். இது திறக்காது. வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்கு வருபவர்தான் கழற்றுவார். பானை, கேத்தில், எதுவும் வைக்க முடியாது. இது பார்ப்பதற்கு.

நான் கட்டட வரைவாளன். அந்தச் சுவர் ஓட்டையை வரைந்தவன் நான்தான். அளவு ஒரு மில்லிமீற்றரும் பிசகவில்லை. கண்ணாடி திறக்குமா என்று பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

நிருசன் சிரித்துவிட்டான். உடனே நிறுத்திக்கொண்டான்.

"அக்கா நிண்டிருந்தா இந்தாளை ஒரு வழி பண்ணியிருப்பா."

"என்னையும்."

"உங்களைத்தான் முதல்ல."

நிருசன் வெள்ளைக் கட்டையைத் தள்ளி வைத்தான்.

"அப்ப வேண்டாமெண்டு எழுதிக் குடுப்பமோ அத்தான்? பால் காய்ச்ச ஏலாதெண்டா அக்காவுக்கு இது தேவைப்பட்டிராது."

அவன் சொன்னது சரி. அவளுக்காக என்றால் விஷயம் அங்கே முடிந்துவிட்டது.

லூதி காட்சிக்கு வைத்திருந்த அடுப்புகளைப் பற்றவைத்தார். பேர்ச் கட்டைகள் மிகவும் ஒழுங்காக இருந்தன. ஓக்கில் ஒரு கட்டை சரிந்து கிடந்தது. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதன் கீழிருந்து சுடர் வந்து போயிற்று. வேலை முடிந்து வந்து இதற்கு முன்னால் இருக்கலாம் என்று நினைத்தேன். இதுவரை அந்த வீட்டை நினைத்தால் எல்லா அறையிலும் கோசலா நின்றாள். இப்போது நான் மட்டும் இருந்தேன். பயமாக இல்லை.

கோசலா வெள்ளையைத்தான் எடுத்திருப்பாள். எனக்கு இந்தக் கருகிய ஓக் பிடித்திருந்தது.

"இது," என்றேன்.

"கறுப்போ? கொள்ளிக்கட்டை மாதிரிக் கிடக்கு. அம்மா பேசுவா."

"பேசட்டும். நான்தானே பாக்கப்போறன்."

லூதி படிவத்தில் எழுதினார். அடுத்த வியாழன் காலை ஏழரைக்குப் பொருத்த வருவார்கள். வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.

"நான் இருப்பேன்," என்றேன்.

நிருசன் என் கையைப் பிடித்தான். "ஷ்லீரனிலயிருந்து அந்த நேரத்துக்கு எப்பிடி வருவியள்?"

"முதல் நாளே போய் நிப்பன்."

"பால் காய்ச்சாமலோ? அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"அத்தான் வீட்டை போயிட்டாரெண்டு சொல்லு."

கையெழுத்துப் போட்டேன். லூதி ஒரு பிரதியை மடித்துத் தந்தார். நிருசன் தொலைபேசியை எடுத்துத் தன் வேலை அட்டவணையைப் பார்த்தான்.

"வியாழன் எனக்குப் பின்னேர வேலைதான்," என்றான். "நானும் வாறன். புதன் இரவே போவம்."