மீற்றரில் ஒட்டிய திகதி

கரண்ட் சோதிக்கும் மீற்றரின் முதுகைக் கழற்றியதும் றுஸ்திக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே உப்புப் பூத்துக் கிடந்தது. இறால் பண்ணைச் சாமான் எது வந்தாலும் இந்தக் கோலம்தான். வாவிக் காற்று மூடிய பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்க்கத் தொடங்கினான்.

பண்ணை மனேஜர் அழகரத்தினம் எதிரே ஸ்டூலில் இருந்தார். றுஸ்தி சாமான் திருத்தும் காத்தான்குடிக் கடைக்கு அவர் நேரில் வந்தது இதுவே முதல் தடவை.

"என்ன கோளாறு தம்பி?"

"இந்தச் சிப் செக்கனுக்கு மூணு தரம் அளந்து திரைக்கு அனுப்பும் சேர். ஹோல்ட் பட்டன அமத்தினா அனுப்புறத நிப்பாட்டிரும். கடைசியா வந்த நம்பர் அப்படியே நிக்கும். இதுல பட்டன யாரும் அமத்தத் தேவல்ல. பட்டனுக்குக் கீழ உள்ள ரெண்டு செப்புக் கோட்டையும் உப்பு ஒட்டிட்டு. பட்டன் அமந்திருக்கெண்டு சிப் நினைக்குது."

"அப்ப கரண்ட் இருந்தாலும் பூச்சியம் காட்டுமோ?"

"பூச்சியத்தில நிண்டா பூச்சியந்தான். ஹோல்ட் எண்டா மூலையில ஒரு எழுத்து வரணும். இதுட திரை அந்த மூலையில கறுத்துப் போச்சு. ஆளக் கொல்லுற சாமான் சேர். எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குங்க."

"நீ நல்லாக்கித் தா."

றுஸ்தி வேலையில் குறை வைக்கிறவனல்ல. உப்பைப் பஞ்சால் சுத்தமாக வழித்தெடுத்தான். வேறொரு மீற்றரின் திரையைக் கழற்றி மாற்றினான். சொக்கெற்றில் வைத்ததும் இலக்கங்கள் ஓடின: 229, 231, 230. அவனுக்கே பெருமையாக இருந்தது.

"ஸ்டிக்கர் ஒட்டு தம்பி. இந்த மாசம் ரெண்டாந் திகதியெண்டு போடு. ஒடிட்டுக்கு ஆள் வருகுது, சாமானெல்லாம் பாக்க."

அன்று இருபத்தாறு. ஒடிட் என்றால் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். அரிசி மில்காரர், கராஜ்காரர், யாருக்குமே அவன் மாட்டேன் என்றதில்லை. 'பரிசோதித்தது, சரி' என்று எழுதி, இரண்டாந் திகதி போட்டு, வால் சுழித்துக் கையெழுத்து வைத்தான்.

மறுநாள் பெரியகல்லாற்றிலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் வந்தாள். பெயர் கம்சாயினி. அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்தாள்.

"நானா, என்ட அவர் சிவதர்ஷன். இறால் பண்ணையில கரண்ட் வேலை. பன்ரெண்டாந் திகதி, குளத்தில காத்தடிக்கிற சக்கரத்துட வயர்ல கைவச்சு அடிச்சிட்டு. வலது கைய மணிக்கட்டோட எடுத்திட்டாங்க."

றுஸ்தியின் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவர் மேசையில் இறங்கியது.

"மீற்றர் பூச்சியம் காட்டினதாலதான் தொட்டவராம். கவனமில்லாமத் தொட்டதெண்டு பண்ணையில சொல்லுறாங்க. பிழை மீற்றர்லயெண்டா ஸ்டோர்ல வேலை தருவாங்களாம். அவர்லயெண்டா வீட்ட போகட்டாம். நாளைக்கு விசாரணை. பண்ணைச் சாமான் உங்கட கடைக்குத்தான் வாறதெண்டு அவர் சொன்னவர். மீற்றர் அப்படிக் காட்டுமெண்டு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், நானா."

அவன் குப்பைக் கூடையைப் பார்த்தான். உப்பு வழித்த பஞ்சும் கழற்றிய கறுத்த திரையும் அதில்தான் கிடந்தன. காலையில் பிரதேச சபை லொறி அள்ளிப் போய்விட்டது.

"வாறன் தங்கச்சி," என்றான். ஸ்டிக்கரில் போட்ட திகதியை அவளிடம் மறைத்துவிட்டான்.

விசாரணை பண்ணை ஒபிசில் நடந்தது. கொழும்பிலிருந்து முதலாளி அனுப்பிய அதிகாரி நடுவில் இருந்தார். சிவதர்ஷன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். யாரும் அவனுக்குக் கதிரை கொடுக்கவில்லை.

"ரெண்டு தரம் பாத்தன் சேர். ரெண்டு தரமும் பூச்சியம்."

அழகரத்தினம் மீற்றரின் வயரைச் சொக்கெற்றில் சொருகினார். 230, 231. அதிகாரி தலையை ஆட்டினார்.

"நான் திருத்தின பிறகுதான் சேர் அது சரியாக் காட்டுது," என்றான் றுஸ்தி. "உள்ளுக்க உப்பிருந்திச்சி."

அதிகாரி மீற்றரைத் திருப்பினார். "ரெண்டாந் திகதி சரியெண்டு போட்டிருக்கு. கையெழுத்து உம்மடதா?"

"ஓம். ஆனா திகதி... மனேஜர் சொல்லித்தான் போட்டன்."

அழகரத்தினம் கோபிக்கவில்லை. "அப்ப நீ ஊர் முழுக்க ஒட்டின ஸ்டிக்கரும் பொய்தானா தம்பி? மில்காரரெல்லாம் கேப்பாங்களே. யோசிச்சுச் சொல்லு."

றுஸ்தி யோசித்தான். கடை கண்முன் வந்தது. கம்சாயினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டிக்கர்ல உள்ளதுதான் சரி சேர்," என்றான். தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

'எனது கவனக்குறைவினால்' என்று தொடங்கும் தாள் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. சிவதர்ஷனுக்கு இடது கையால் எழுத வராது. மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். பெருவிரலை அவன் தாளுக்குக் கொண்டுபோனபோது மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பிப் புரண்டது. அதைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு இன்னொரு கை இல்லை.

அழகரத்தினம் மீற்றரைத் தூக்கித் தாளின் மேல் பாரம் வைத்தார். அதன் வயர் இன்னும் சொக்கெற்றில்தான் இருந்தது. 229, 230, 231 என்று இலக்கங்கள் பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்தில் சிவதர்ஷன் விரலை அழுத்தினான்.