பத்து மணிப் பால்

பத்து மணிச் சங்கு ஊதியதும் கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்ப்புகளுக்குப் பிசிறு தேய்க்கும் அந்த ஷெட்டில் தூசி மட்டும் அடங்கவில்லை. ஆட்கள் கைகூடக் கழுவாமல் பால் கேன் முன்னால் வரிசை கட்டினார்கள். மாஸ்க் தீர்ந்து நாலு மாதமாகிறது. பால் ஒரு நாளும் தவறியதில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர். சூப்பர்வைசர் மணவாளன் கண் முன்னால் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்களாம், அதற்காக இந்தக் கட்டுக்காவல்.

எபினேசர் கடைசியில் நின்றார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில், காகிதத்தில் மடித்த அரை மாத்திரை.

இரண்டு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன். கம்பெனியில், பக்கத்து கிரைண்டர் பிடிக்கும் குணாவைத் தவிர யாருக்கும் தெரியாது. மாத்திரையின் வேகம் சீக்கிரமே குறைந்துவிடுகிறது என்று டாக்டர் போன வாரம் மருந்தை மாற்றினார். மூன்று வேளை ஐந்து வேளையாயிற்று: காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. நேரம் தப்பக் கூடாது, வெறும் வயிற்றில் போட வேண்டும் என்றார். எபினேசர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நாஷ்டாவை ஏழு மணிக்கே முடித்தார். பத்து மணிக்கு எல்லோரும் கடிக்கும் வடையைத் தொடவில்லை. அப்படியும் ஆறு மணி மாத்திரை கேட்டது, பத்து மணி மாத்திரை கேட்கவில்லை. பன்னிரண்டு தாண்டியும் கை ஆடியது.

"நீங்க வேலைக்குப் போங்க. நான் மருந்துக் கடையில கேட்டுக்கினு வரேன்" என்று காலையில் மனைவி குணசுந்தரி சொல்லியிருந்தாள்.

இன்று பதினொரு மணிக்கு ஆள் பார்க்கிறார்கள். காண்ட்ராக்ட் பாஸ் புதுப்பிக்க, சேஃப்டி ஆபீசர் முன்னால் பத்து நிமிடம் கிரைண்டர் பிடித்துக் காட்ட வேண்டும். பத்தொன்பது வருடம் பிடித்த கிரைண்டர்தான். இன்று அதை நினைத்தாலே எபினேசருக்குப் பயமாக இருந்தது.

"இன்னாண்ணா, மூஞ்சி வெளுத்துப் போயி கீது?" என்றான் குணா.

"தெம்பே இல்லப்பா."

"அப்ப என் பாலயும் நீயே குடிச்சிடு. சூப்பர்வைசரு போன் பேசிக்கினு கீறாரு, பாக்க மாட்டாரு."

எபினேசர் மாத்திரையை வாயில் போட்டுத் தன் பாலைக் குடித்தார். குணாவின் டம்ளரையும் காலி செய்தார். பால் என்ன சாப்பாடா? நெஞ்சில் படியும் தூசியை இறக்கும் மருந்து என்றுதான் சேர்ந்த நாளிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். மருந்தோடு மருந்து. நோட்டில் போட்ட கையெழுத்து மட்டும் எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துக் கிடந்தது.

பதினொன்றுக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நாலு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். ஐந்தாவது நிமிடம் சக்கரம் விளிம்பிலிருந்து துள்ளி, வார்ப்பின் நடுவில் பள்ளம் பறித்தது. சேஃப்டி ஆபீசர் ஓரடி பின்னால் போனார்.

"குடிச்சிருக்கியா?"

"பால்தான் சார் குடிச்சேன்."

யாரோ சிரித்தார்கள். கருவியில் ஊதச் சொன்னார்கள். பூஜ்யம்.

"அப்புறம் கை ஏன் ஆடுது?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. "நரம்பு வியாதி சார். மாத்திரை போட்டுக்கினு கீறேன். ஒரு மணி நேரம் டைம் குடுங்க சார், நின்னுடும்."

ஆபீசர் மணவாளனைப் பார்த்தார்.

"உன் வேலைய நான் கொறை சொல்லலய்யா" என்றார் மணவாளன், தரையைப் பார்த்தபடி. "ஆடுற கையில மெசின எப்பிடிக் குடுக்கறது?"

கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டு, காலையில் ஒப்படைத்த செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். குணசுந்தரி ஏழு முறை கூப்பிட்டிருந்தாள். எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, இடது கையால் அவள் நம்பரை அழுத்தினார்.

"எத்தினி வாட்டி போன் பண்றது உங்களுக்கு? மருந்துக் கடைப் பொண்ணு எல்லாம் வெவரமா கேட்டுச்சு. மாத்திரைய பாலோட போட்டா ஒடம்புல ஏறாதாம். தண்ணியிலதான் போடணுமாம். கம்பெனி பால குடிச்சிடாதீங்க, இன்னா?"

எபினேசர் வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"கேக்குதா? பத்து மணி மாத்திரைய பாலோட போடலதானே?"

"ம்" என்றார்.

"ஆள் பாத்தாங்களா?"

"ஊட்டுக்கு வந்து சொல்றேன்."

இரண்டு பஸ் வந்து போயின. அவர் ஏறவில்லை. பன்னிரண்டரை மணிக்கு, தொடைமேல் கிடந்த வலது கை மெல்ல அடங்கியது. விரல்களை விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். அசைவில்லை. செல்போனைப் பெஞ்சில் மணி தெரியும்படி வைத்தார். மூடிய கேட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கிரைண்டர் பிடிப்பதுபோல் பிடித்தார். பத்து நிமிடம் அப்படியே பிடித்திருந்தார்.